மலைக்கு நடுவே ஒரு குடிசை ஆஸ்பத்திரி

பச்சிளங் குழந்தைகள் சாவதைத் தடுத்த டாக்டர் தம்பதி

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில், இரவு 11 மணிக்கு, ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

தாய் பதறுவாள். தகப்பன் ஆட்டோவைத் தேடி ஓடுவான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி விடுவார்கள். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

ராயப்பேட்டையில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. திருவல்லிக்கேணியில் "கோஷா ஆஸ்பத்திரி" என்று எல்லோரும் சொல்லும் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி இருக்கிறது. எழும்பூருக்குப் போனால் குழந்தைகளுக்கென்றே தனி ஆஸ்பத்திரி. ராத்திரி நேரம் என்பதால் கூட்டமும் இராது. சிறிது நேரத்தில் டாக்டரின் கையில் குழந்தையைக் கொடுத்து விடலாம். விடிவதற்குள் குழந்தை கண் விழித்துப் பால் குடிக்கும்.

அதே வயிற்றுப்போக்கு, அதே வயதுக் குழந்தைக்கு, இதே தமிழ்நாட்டில், மலைகளுக்கு நடுவே உள்ள ஓர் ஊரில் வந்தால்?

30 ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊரில் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. விடியும் வரை காத்திருப்பது. விடிந்த பிறகு பஸ்சுக்குக் காத்திருப்பது. பஸ் வந்தால், 48 கிலோ மீட்டர் போவது. அதற்குள் பல குழந்தைகள் தாயின் மடியிலேயே கண்ணை மூடி விட்டன.

அந்த ஊரின் பெயர் சிட்டிலிங்கி.

எங்கே இருக்கிறது?

தர்மபுரி மாவட்டத்தில், அரூர் தாலுகாவில் இருக்கிறது சிட்டிலிங்கி. "சிட்லிங்" என்றும் சொல்வார்கள். சென்னையில் இருந்து சேலம் போகும் ரெயிலில் ஏறி, மொரப்பூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து அரூர். அரூரில் இருந்து கோட்டப்பட்டி வழியாக மலைப் பாதை.

ஒரு பக்கம் கல்வராயன் மலை. மறு பக்கம் சித்தேரி மலை. இரண்டுக்கும் நடுவே பள்ளத்தாக்கு. அங்கங்கே சிறு சிறு ஊர்கள். பள்ளத்தாக்கு முழுவதையும் சேர்த்தால் மக்கள் தொகை சுமார் 10 ஆயிரம்.

இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் "மலையாளி" என்ற பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டதும் கேரளக்காரர்கள் என்று நினைத்து விடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்வதால் மலையாளி என்று பெயர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து மலைக்கு வந்தவர்கள் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். இவர்களோடு லம்பாடி மக்களும் வாழ்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மலையாளிகளைக் காப்பாற்ற வந்த டாக்டர்கள் உண்மையாகவே கேரளத்து மலையாளிகள்!

ரெஜி - லலிதா

டாக்டர் ரெஜி ஜார்ஜ். அவருடைய மனைவி டாக்டர் லலிதா. இருவரும் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். அங்கேதான் பழக்கம் ஏற்பட்டது.

படித்து முடித்ததும் பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து, காரும் பங்களாவுமாக இருந்திருக்கலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் இருவரும் திண்டுக்கல் அருகே காந்தி கிராமத்தில் உள்ள கஸ்தூரிபா ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தார்கள்.

அங்கே அவர்கள் கண்ட காட்சி மனதை உறுத்தியது. வெகு தொலைவில் இருந்து நோயாளிகள் வந்தார்கள். வந்த நோயோ மிகச் சாதாரணமானது. வயிற்றுப்போக்கு, இருமல், காய்ச்சல். ஊருக்குப் பக்கத்திலேயே விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால், அன்றைக்கே தீர்ந்திருக்கும். பக்கத்தில் யாரும் இல்லாததால் முற்றிய பிறகு வருகிறார்கள். சிலரை வழியிலேயே மரணம் முந்திக்கொண்டு விடுகிறது.

"யாருமே இல்லாத இடத்துக்கு நாம் போவோம்" என்ற முடிவுக்கு வந்தார்கள் தம்பதி. இடத்தைத் தேடி ரெஜி ஒரு வருட காலம் நாட்டைச் சுற்றினார். கடைசியில் 1993-ம் ஆண்டு சிட்டிலிங்கிக்கு வந்து சேர்ந்தார்கள்.

147!

வந்ததும் கணக்கு எடுத்தார்கள். உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள், முதலாவது பிறந்த நாளைக் காணாமலே இறந்து கொண்டிருந்தன.

அந்த 1993-ம் ஆண்டில் இந்தியா முழுவதற்கும் எடுத்த சராசரிக் கணக்கு 1,000-க்கு 74. அதாவது, நாட்டின் சராசரியைப் போல இரண்டு மடங்கு குழந்தைகளை இந்தப் பள்ளத்தாக்கு மண்ணுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

147 என்றால் என்ன? தெருவில் ஏழு தொட்டில் ஆடினால், அதில் ஒன்று வருடம் திரும்புவதற்குள் நின்று போகும். ஏழு பிள்ளை பெற்றவள் எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் என்று கேட்டால், விரலை மடக்கி எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பிரசவத்தில் தாய்மார்களும் இறந்தார்கள். பிரசவம் வீட்டில் நடந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, பிறந்த பிறகு ரத்தம் நிற்காமல் போனாலோ, உதவிக்கு ஆள் கிடையாது. ஆபரேஷன் செய்யும் வசதி வேண்டுமானால், 100 கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும்.

ஒரு பல்பு

டாக்டர்கள் வந்து விட்டார்கள். ஆஸ்பத்திரி வேண்டுமே? கையில் பணம் இல்லை. நிலம் வாங்க வழி இல்லை.

ஊர் மக்கள் முன்வந்தார்கள். புறம்போக்கு நிலத்தில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். மண் சுவர். கூரை வேய்ந்த மேற்புறம். அளவு 100 சதுர அடி. பட்டணத்து வீடுகளில் அது ஒரு சமையல் அறை!

அதுதான் ஆஸ்பத்திரி. நோயாளிகளைப் பார்ப்பதும் அங்கேதான். பிரசவமும் அங்கேதான். 100 வாட் பல்பு ஒன்று தொங்கியது. ஒரு மரப் பெஞ்சு ஆபரேஷன் மேஜை ஆயிற்று. நோயாளி தரையில் படுத்துக்கொள்வார்.

லலிதா பெண்களுக்கான வைத்தியத்திலும் பிரசவத்திலும் தேர்ந்தவர். ரெஜி, ஆபரேஷனின்போது மயக்க மருந்து கொடுக்கக் கற்றவர். ஒருவர் கத்தியைப் பிடிக்க, மற்றவர் நோயாளியின் மூச்சைக் கவனித்துக்கொள்ள, அந்தக் குடிசையிலேயே சிறு சிறு ஆபரேஷன்கள் நடந்தன. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. மூன்று ஆண்டு காலம்!

1996-ல் 10 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது. பிறகு அது வளர்ந்தது. 35 படுக்கை, ஆபரேஷன் அறை, பரிசோதனைக் கூடம் எல்லாம் வந்தன. "டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்" என்று ஆங்கிலத்தில் பெயர். பழங்குடி மக்களுக்கான சுகாதார முயற்சி என்று பொருள்.

கட்டிடம் பெரிதானது நல்ல செய்திதான். ஆனால் 147 என்ற எண்ணைக் கீழே இறக்கியது கட்டிடம் மட்டும் அல்ல.

நர்சு எங்கே?

இரண்டு டாக்டர்கள் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? நர்சு வேண்டும். பட்டணத்தில் படித்த நர்சுகள் மலைக்கு வரத் தயங்குவார்கள். வந்தாலும் தங்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே டாக்டர் தம்பதி அந்த ஊர்ப் பெண்களையே அழைத்தார்கள். எட்டாவது படித்தவர்கள், பத்தாவது படித்தவர்கள். பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக் கொடுத்தார்கள். நாடி பார்ப்பது, ஊசி போடுவது, தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது, ஆபரேஷனில் டாக்டருக்குத் துணை நிற்பது என்று ஒவ்வொன்றாக அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள்.

"பத்தாவது படித்த பெண்ணா பிரசவம் பார்ப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அவர்களைத் தனியே விட்டு விடவில்லை. அடுத்த அறையில் டாக்டர் இருந்தார். எது சுகப் பிரசவம், எது ஆபத்து என்று பிரித்து அறிவதுதான் முதல் பாடம். ஆபத்து என்று தெரிந்ததும் டாக்டரைக் கூப்பிடுவது இரண்டாவது பாடம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நோயாளி பேசும் பேச்சு நர்சுக்குப் புரியும். அவள் எந்த ஊர்ப் பெண், யார் வீட்டு மருமகள் என்று நோயாளிக்குத் தெரியும். கர்ப்பிணிப் பெண் கூச்சப்பட்டு மறைக்கிற விஷயத்தைக்கூட, அத்தை மகளிடம் சொல்வதுபோல் சொல்லி விடுவாள். வெள்ளை உடையைக் கண்டு மிரளுகிற கிழவியும், "அட, நம்ம வீட்டுப் பொண்ணு!" என்று கையை நீட்டி விடுவாள்.

வீடு தேடி

அடுத்த வேலை அதைவிட முக்கியமானது. நோய் வந்த பிறகு வருபவர்களை ஆஸ்பத்திரி பார்க்கிறது. வராதவர்களை யார் பார்ப்பது?

ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெண்ணை, அந்த ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள். நாலு பேர் மதிக்கும் பெண்கள். இவர்களுக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது.

இவர்கள் வீடு வீடாகப் போவார்கள். யார் முழுகாமல் இருக்கிறாள், எத்தனை மாதம், கால் வீங்கி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறந்த குழந்தையை எடை போடுவார்கள். போன மாதத்தைவிட எடை கூடி இருக்கிறதா, குறைந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எடை குறையும் குழந்தை, நோய் வருவதற்கு முன்பே அபாய அறிவிப்புக் கொடுத்து விடுகிறது. அந்த அறிவிப்பைப் படிக்க ஒரு தராசும், கவனமும் இருந்தால் போதும்.

குழந்தைகளைக் கொல்லும் இன்னொரு நோய் நிமோனியா. அதைக் கண்டுபிடிக்கவும் எளிய வழி இருக்கிறது. குழந்தை அழாமல் இருக்கும்போது, ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மூச்சு விடுகிறது என்று எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் ஆபத்து. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50. ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தாண்டினால் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதை வீட்டில் இருக்கும் தாயும் எண்ணலாம்.

உப்பும் சர்க்கரையும்

வயிற்றுப்போக்கு எப்படிக் கொல்கிறது தெரியுமா? கிருமியைவிட, உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் வெளியே போய் விடுவதுதான் உயிரைப் பறிக்கிறது. கைக்குழந்தையின் உடம்பில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு? சில மணி நேரத்தில் வற்றி விடும். கண் உள்ளே போகும். உச்சிக் குழி அமுங்கும். அழுதால் கண்ணீர் வராது.

போன தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தால் பிழைத்து விடும். ஆனால் நம் ஊர்களில் பல தாய்மார்கள் என்ன செய்தார்கள்? "குடிக்கக் கொடுத்தால் இன்னும் போகும்" என்று பயந்து தண்ணீரையும் பாலையும் நிறுத்தினார்கள். பாசத்தால் செய்த தவறு.

1971-ம் ஆண்டு, வங்காள தேச யுத்தத்தின்போது, லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையில் உள்ள போங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்து விட்டது. 100 நோயாளிகளில் 30 பேர் இறந்தார்கள். அங்கே இருந்த டாக்டர் திலீப் மகலானபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் ஆகியவற்றைத் தண்ணீரில் கரைத்து, பெரிய பெரிய பீப்பாய்களில் வைத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே குவளையைக் கொடுத்து, குடிக்கக் கொடுக்கச் சொன்னார். சாவு 100-க்கு 3, 4 என்று குறைந்தது!

இப்போது மருந்துக் கடைகளில் கிடைக்கும் "ஓ.ஆர்.எஸ்." பொட்டலம் அதே வகைதான். பொட்டலம் கிடைக்காதபோது வீட்டிலும் தயாரிக்கலாம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர். தலை தட்டி எடுத்த டீஸ்பூனால் சர்க்கரை 6. உப்பு அரை டீஸ்பூன். அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் கெடுதல். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, ரத்தம் போனாலோ ஆஸ்பத்திரிதான்.

48 கிலோ மீட்டர் தூரத்தை ஒரு சிட்டிகை உப்பு சுருக்கி விடுகிறது என்பதைச் சிட்டிலிங்கிப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கற்றுக் கொடுத்தார்கள்.

புதிய யோசனையா?

இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1946-ல், போர் கமிட்டி என்ற குழு இதைச் சொன்னது. (இந்தப் "போர்" யுத்தம் அல்ல. குழுத் தலைவரின் பெயர் சர் ஜோசப் போர்.) கிராமந்தோறும் மக்களின் வாசலுக்கு வைத்தியம் போக வேண்டும் என்றது அந்தக் குழு. 1952-ல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தொடங்கப்பட்டன. சமவெளியில் 30 ஆயிரம் பேருக்கு ஒன்று, மலைப் பகுதியில் 20 ஆயிரம் பேருக்கு ஒன்று என்பது சர்க்கார் வகுத்த கணக்கு.

கணக்கு சரி. ஆனால் காட்டுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சின்ன ஊர்களுக்கு, கணக்குப்படி கட்டிடம் வந்தாலும் ஆள் வருவது கடினம். தமிழ்நாட்டில் மட்டும் அல்ல, நாடு முழுவதும் இதே கதைதான்.

பட்டினப்பாக்கத்துக்கு ஆற்றுக்கு அப்பால், அடையாறு பகுதியில் இருக்கும் "வி.எச்.எஸ்." ஆஸ்பத்திரியைப் பலர் அறிவார்கள். 1958-ல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி தொடங்கிய ஸ்தாபனம் அது. கிராமங்களில் சிறு சுகாதார நிலையங்களை ஏற்படுத்தி, அந்தந்த ஊர்க்காரர்களையே பழக்கலாம் என்று செய்து காட்டியவர் அவர். மராட்டியத்தில் ஜாம்கெட் என்ற இடத்தில் ஆரோலே தம்பதி 1970-ல் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கே வைத்தியம் கற்றுக் கொடுத்தார்கள். கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி செய்ததை 1999-ல் உலகப் புகழ் பெற்ற "லான்செட்" பத்திரிகை வெளியிட்டது. கிராமத்துப் பெண்கள் வீட்டுக்குப் போய்ப் பச்சிளங் குழந்தைகளைக் கவனித்ததால், குழந்தைச் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று அதில் காட்டினார்கள்.

சாப்பாடு எங்கே?

சிட்டிலிங்கியில் சாவு குறைந்தது. ஆனாலும் டாக்டர்களுக்குத் திருப்தி இல்லை. பிழைத்த குழந்தைகள் ஏன் மெலிந்து இருக்கின்றன? தாய்மார்களுக்கு ஏன் ரத்தம் இல்லை?

விசாரித்தபோது, விஷயம் வயலில் இருந்தது. முன்பு மலை மக்கள் சாமை, ராகி, கம்பு விளைவித்தார்கள். விளைந்ததைச் சாப்பிட்டார்கள். பிறகு பணப் பயிருக்கு மாறினார்கள். உரம், பூச்சி மருந்து, கடன். விளைந்தது சந்தைக்குப் போயிற்று. வீட்டில் ரேஷன் அரிசிதான் மிச்சம். கடனை அடைக்க ஆண்கள் வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போனார்கள்.

வைத்தியம் செய்ய வந்தவர்கள் விவசாயத்தைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று! சில விவசாயிகள் மட்டும் முதலில் துணிந்து ரசாயன உரத்தை நிறுத்தினார்கள். மற்றவர்கள் தூர நின்று வேடிக்கை பார்த்தார்கள். (விவசாயி நஷ்டத்துக்குப் பயப்படுவது நியாயம்தானே?) சில வருடங்களில் அது நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்த இயற்கை விவசாயிகள் சங்கமாக வளர்ந்தது. சிறு தானியம் மறுபடியும் வயலுக்கு வந்தது. வீட்டு அடுப்புக்கும் வந்தது.

லம்பாடிப் பெண்களின் பழைய பூவேலைத் தையல் அழியும் நிலையில் இருந்தது. அது தெரிந்தவர்கள் இரண்டே முதிய பெண்கள். அவர்களிடம் இளம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். "போர்கை" என்று அந்தக் குழுவுக்குப் பெயர். லம்பாடி பேச்சில் "பெருமை" என்று அர்த்தம். ஊசி நூலால் வரும் காசு, வீட்டில் பெண்ணின் கையில் நிற்கிறது. அது பெரும்பாலும் குழந்தையின் தட்டுக்குத்தான் போகும்.

147 எங்கே போயிற்று?

1,000-க்கு 147 என்று இருந்த குழந்தைச் சாவு, சுமார் 20 என்ற அளவுக்கு வந்து விட்டது.

முழுப் பெருமையும் அந்த ஆஸ்பத்திரிக்கே என்று சொல்லி விட முடியாது. இந்த 30 ஆண்டுகளில் மலைக்கும் ரோடு வந்தது. தடுப்பு ஊசி வந்தது. சத்துணவு, கர்ப்பிணிகளுக்கு உதவித் தொகை, 2008 முதல் 108 ஆம்புலன்சு எல்லாம் வந்தன. தமிழ்நாடு முழுவதுமே முன்னேறி, 2020-ம் ஆண்டு கணக்குப்படி மாநிலத்தின் குழந்தைச் சாவு 1,000-க்கு 13 ஆகக் குறைந்தது. அதோடு ஒப்பிட்டால் மலைக்கும் சமவெளிக்கும் இடையே இன்னும் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டிய நேரம் எது என்று தெரிந்த ஒருத்தி அந்தத் தெருவிலேயே இருக்க வேண்டுமே! ரோடும் ஆம்புலன்சும் வருவதற்கு வெகு காலம் முன்பே, சிட்டிலிங்கியில் அப்படிப்பட்ட பெண்கள் தயாராகி விட்டார்கள்.

இப்போது மருத்துவப் படிப்பை முடித்த இளம் டாக்டர்கள் சிலர், கிராம வைத்தியத்தைப் பார்த்துப் பழக சிட்டிலிங்கிக்கு வருகிறார்கள். தங்குகிறார்கள். கற்றுக்கொள்கிறார்கள். போய் விடுகிறார்கள்.

அந்த ஊர் நர்சுகள் போவதில்லை. இரவில் பிரசவ வலியோடு ஒருத்தி வந்து இறங்கினால், வாசலுக்கு முதலில் வருபவள் பக்கத்து ஊர்க்காரியாகத்தான் இருப்பாள். "எத்தனாவது பிள்ளை?" என்று அவள் கேட்க வேண்டியதில்லை. முந்தின பிள்ளையை எடை போட்டது யார் என்று அவளுக்குத் தெரியும்.